காஜிப்பேட்டை – பல்லார்ஷா: நம்மை டெல்லியோடு சேர்த்த பாதை

டெல்லியில் நாலு தமிழ்ப் பெரியவர்கள் கூடினால் பேச்சு எப்படியும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து நிற்கும். அந்த வண்டி ஓடும் பாதைக்கும் நாம் இங்கே வேரூன்றியதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1871-ல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. 1900 வாக்கில் கல்கத்தாவுக்கும் கடலோரமாக வழி பிறந்தது. ஆனால் டெல்லிக்கு நேர்வழி இல்லை. வடக்கேயிருந்து வந்த தண்டவாளம் பல்லார்ஷாவோடு நின்றது. விஜயவாடாவிலிருந்து போனதோ, நிஜாம் சீமையில் காஜிப்பேட்டையைத் தொட்டு செகந்திராபாத் பக்கம் போய்விட்டது. நடுவே சுமார் 235 கிலோமீட்டர்: தேக்குக் காடு, நிலக்கரி பூமி, குறுக்கே கோதாவரி. இந்த இடைவெளியால் சென்னையிலிருந்து டெல்லி வருபவர்கள் பம்பாய்ப் பக்கமோ கல்கத்தாப் பக்கமோ சுற்ற வேண்டியிருந்தது.

அப்படியும் நம்மவர்கள் வந்தார்கள். 1911-ல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. இங்கிலீஷும் கணக்கும் தெரிந்த குமாஸ்தாக்கள் சர்க்கார் ஆபீஸ்களுக்குத் தேவைப்பட்டார்கள். கோடையில் சிம்லா, குளிரில் டெல்லி என்று ஆபீஸோடு அவர்களும் இடம் மாறினார்கள். இன்றைய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் 1923. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடும் அளவுக்குக் குடும்பங்கள் அப்போதே வந்துவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி.

காட்டுக்குள் அந்த இணைப்பு முடிந்து, 1929-ல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. முதலில் பெஷாவரிலிருந்து மங்களூர் வரை. பயணம் நூறு மணி நேரத்துக்கும் மேல்! சிறிது காலத்திலேயே அது டெல்லி–சென்னை வண்டியாகச் சுருங்கியது. புது டெல்லியின் திறப்பு விழா 1931-ல். நகரமும் பாதையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தயாராயின.

இதனால் என்ன மாறியது? ஊருக்குத் திரும்புவது எளிதாயிற்று. வடக்கே வேலைக்குப் போனவன் 'தொலைஞ்சு போனவன்' என்ற நிலை மாறி, 'லீவுக்கு வருவான்' என்றாயிற்று. பெண் கொடுக்கத் துணிந்தார்கள். பிரசவத்துக்குப் பிறந்தகம் போக முடிந்தது. போகும்போது டிரங்குப் பெட்டி, ஹோல்டால், கூஜா. வரும்போது அவற்றோடு அப்பளம், வடாம், மாவடு. முதல் நாளுக்குப் புளியோதரை, மறுநாளுக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி. ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைகளின் கண்ணில் கரித்தூள் விழும். நாக்பூர் வந்தால் ஆரஞ்சு வாங்கியே ஆகணும். தமிழ்ப் பேச்சும் தமிழ்ச் சாப்பாடும் இங்கே மங்கிப் போகாததில் இந்த வருஷாந்தரப் பயணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1976-ல் குறைந்த நிறுத்தங்களோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது. 1985-ல் கணினி முன்பதிவு டெல்லியில்தான் தொடங்கியது. கவுண்டர் வாசலில் விடியுமுன் இடம் பிடிப்பது பின்னர் மெல்லக் குறைந்தது. இன்று பிள்ளைகள் மூன்று மணி நேரத்தில் பறந்து போகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் தாத்தா எந்த வருஷம், எந்த வேலைக்காக, யார் துணையோடு இந்தப் பாதையில் வந்தார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை.

ரயில்வேயின் வரலாறு ஏடுகளில் இருக்கிறது. நம் குடும்பங்களின் வரலாறு பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வைப்போம்.