எஞ்சினுக்கு அடியில் ஒரு குழாய்

காரோ, பைக்கோ, லாரியோ, எஞ்சினின் அடிவயிற்றில் ஒரு ஓட்டை இருக்கும். அதை ஒரு போல்ட் அடைத்துக்கொண்டிருக்கும். நம்மூர் மெக்கானிக் பாஷையில் டிரெயின் நட். வண்டி சர்வீஸுக்குப் போகும்போது அதைக் கழற்றுவார்கள், கருகருவென்று ஆயில் கொட்டும், மறுபடியும் மாட்டுவார்கள். அவ்வளவுதான். இதில் என்ன பெரிய வரலாறு என்று கேட்கலாம். ஆனால் இந்த ஓட்டையை எப்படித் திறப்பது, யார் திறப்பது என்று கார் உலகம் நூறு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறது. போல்ட்டுக்குப் பதிலாக ஒரு சின்னக் குழாய் வைத்துவிட்டால் என்ன என்பது அந்த யோசனைகளில் ஒன்று. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற மாதிரி ஒரு வால்வு. திருப்பினால் திறக்கும், திருப்பினால் மூடும்.

முதலில், ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்? ஆயில் தேய்ந்து போவதில்லை. அழுக்காகிறது. எரிந்த பெட்ரோலின் கரி, உலோகத் துகள், நீராவி, எரியாத எரிபொருள் எல்லாம் அதில் கலக்கின்றன. ஆயிலில் சேர்த்திருக்கும் ரசாயனங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து போகின்றன. அதனால் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆரம்பகால எஞ்சின்கள் பலவற்றில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும், கொஞ்சம் எரியும், மிச்சம் ரோட்டில் ஒழுகும். தீர்ந்தால் புதிதாக ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். நம் ஊர் டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களும் கிட்டத்தட்ட அந்த வம்சம்தான். பெட்ரோல் பங்கில் டூ-டி ஆயிலை அளந்து ஊற்றிக் கலக்குவார்களே, நினைவிருக்கிறதா? அந்த ஆயில் புகையாகி, பின்னால் வருகிறவர் மூக்கில் போய் முடிந்தது. டெல்லியில் 1998-ல் டூ-டி ஆயிலைத் தனியாக ஊற்றுவதை நிறுத்தி, சரியான அளவில் கலந்த பெட்ரோலையே பங்குகளில் கொடுக்க வைத்ததற்கு அந்தப் புகைதான் காரணம்.

1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரைப் பாருங்கள். 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் செய்தார்கள். அதில் ஆயில் பம்ப் கிடையாது. உள்ளே சுற்றுகிற பாகங்களே ஆயிலை வாரி இறைக்கும். அளவு பார்க்கும் குச்சியும் கிடையாது. அதற்குப் பதிலாக எஞ்சினின் அடிப்பகுதியில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சின்னக் குழாய்கள். மேல் குழாயைத் திறந்து ஆயில் வந்தால் வேண்டிய அளவு இருக்கிறது. கீழ்க் குழாயிலும் வரவில்லை என்றால் எஞ்சினுக்கு ஆபத்து. சொந்தக்காரர் காருக்கு அடியில் குனிந்தோ படுத்தோ பார்க்க வேண்டும். ஆக, எஞ்சினுக்கு அடியில் குழாய் வைக்கும் யோசனை புதிதல்ல. வேடிக்கை என்னவென்றால், அளவு பார்க்கத்தான் குழாய். பழைய ஆயிலை வடிக்க வேண்டுமென்றால் அங்கேயும் ஒரு பிளக்கைத்தான் கழற்ற வேண்டும். அதுவும் ஆயிரம் மைலைத் தொடும் முன்பே.

பிறகு ஆயில் வேகமாக முன்னேறியது. 1923-ல் ஸ்வீட்லேண்ட், கிரீன்ஹால்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பியூரொலேட்டர் என்ற ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார்கள். 1930-களில் கேட்டர்பில்லர் டீசல் எஞ்சின்களில் கரி பிடித்துப் பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொண்டன. அதற்கு மருந்தாக வந்ததுதான் டிடர்ஜென்ட் கலந்த ஆயில். சோப்பு அழுக்கைப் பிடித்துக்கொள்கிற மாதிரி இந்த ஆயில் கரியைத் தன்னிலேயே மிதக்க வைத்துக்கொள்ளும். "ஆயில் சீக்கிரம் கறுத்துப் போச்சே" என்று நாம் கவலைப்படுகிறோம். உண்மையில் கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். 1947-ல் அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. ஆயிலுக்குத் தர வகைகளை வகுத்தது. 1974-ல் மொபில் 1 என்ற சிந்தெடிக் ஆயில் கடைக்கு வந்தது. 1983-ல் வந்த மாருதி 800-க்கு 5,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்றினோம். இன்றைய மாருதி பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம்.

ஆயில் இவ்வளவு மாறிய பிறகும் ஓட்டையை அடைக்கிற போல்ட் மட்டும் அப்படியே இருந்தது. காரணம் எளிது. அது மலிவு. அதிர்வு, வெயில், மழை எதற்கும் அசையாது. அதில் கெட்டுப் போக ஒன்றுமில்லை.

தொல்லை எல்லாம் அதைக் கழற்றி மாட்டுகிற கையில்தான். இன்று பல எஞ்சின்களில் ஆயில் தங்கும் சம்ப் அலுமினியம், போல்ட் இரும்பு. பலம் காட்டி ஒரு சுற்று அதிகமாக இறுக்கினால் "திரெட் போச்சு" என்று மெக்கானிக் தலையைச் சொறிவார். அப்புறம் பெரிய சைஸ் போல்ட் போட வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை உள்ளே திருக வேண்டும், அதுவும் முடியாவிட்டால் சம்ப்பையே மாற்ற வேண்டும். வாஷரை மாற்றாமல் விட்டால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். சூடான ஆயில்தான் நன்றாக வடியும் என்பதால், போல்ட் கழன்று விழுகிற அந்த நொடியில் கையும் சுடும், தரையும் நாறும்.

இதற்கு அக்கறையாக விடை தேடியவர்களில் விமானக்காரர்களும் உண்டு. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களுக்கு, ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் வெறும் சல்லடை மட்டும் என்றால் 25 மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஆயில் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. விமானத்தில் டிரெயின் பிளக் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கக் கம்பி முறுக்கிக் கட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் கம்பியை வெட்டி, கழற்றி, மாட்டி, மறுபடியும் முறுக்க வேண்டும். அதனால் செஸ்னா 172 போன்ற விமானங்களில், பிளக்குக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வைப் பொருத்திக்கொள்ள வழி செய்தார்கள். ஒரு ரப்பர் குழாயைச் செருகி வால்வை அழுத்தினால் ஆயில் நேராக டப்பாவுக்குப் போய்விடும்.

கார்களுக்கு 1970-களில் இரண்டு விடைகள் வந்தன. ஒன்று அமெரிக்காவில். 1971-ல் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய ஜிஃபி லூப், 'நீங்கள் குனியவே வேண்டாம், வண்டியைக் கொண்டு வாருங்கள், சில நிமிஷத்தில் மாற்றித் தருகிறோம்' என்கிற வகைக் கடை. இன்னொன்று ஜப்பானில். ஃபுமோட்டோ என்ற நிறுவனம் பித்தளை வால்வு ஒன்றைச் செய்தது. டிரெயின் போல்ட்டைக் கழற்றி அதே இடத்தில் ஒரே ஒரு முறை இதைத் திருகிவிட வேண்டும். உள்ளே துளையிட்ட ஒரு உருண்டை. பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. கைப்பிடியை அதன் பள்ளத்திலிருந்து தூக்கிக் கால்வட்டம் திருப்பினால் உருண்டையின் துளை நேராகி ஆயில் வடியும். திருப்பி விட்டால் மூடிக்கொள்ளும். பிறகு ஸ்பேனரே வேண்டாம். ஒரு விடை வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தது. மற்றது உரிமையாளர் கையிலேயே கொடுத்தது.

அதற்குப் பிறகும் தேடல் நிற்கவில்லை. ஜெர்மனியின் ஸ்டால்பஸ், கைப்பிடியே இல்லாமல், குழாயை மாட்டினால் மட்டுமே திறக்கும் வால்வைச் செய்தது. 1998-ல் வந்த குட்டி ஸ்மார்ட் காரில் டிரெயின் ஓட்டையே கிடையாது. அளவுக் குச்சி போகும் வழியாக மேலிருந்தே உறிஞ்சி எடுக்க வேண்டும். 2015 ஃபோர்டு எஃப்-150 வண்டியின் 2.7 லிட்டர் எஞ்சினில் பிளாஸ்டிக் சம்ப், கால்வட்டம் திருப்பினால் கழலும் பிளாஸ்டிக் பிளக். அதே 2015-ல் காஸ்ட்ரால், ஆயிலும் ஃபில்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற நெக்ஸெல் என்ற ஏற்பாட்டைக் காட்டியது. 90 விநாடியில் பெட்டியை மாற்றிவிடலாம் என்றார்கள். ஆஸ்டன் மார்ட்டின் வல்கன் என்ற பந்தயத்தள காரில் அது வந்தது. நம்மைப் போன்றவர்கள் ஓட்டும் கார்களுக்கு வந்து சேரவில்லை.

இந்தியாவில் இந்த வால்வை ஏன் அதிகம் பார்ப்பதில்லை? நம்மூரில் வண்டிக்கு அடியில் போக எப்போதும் ஒரு ஆள் இருந்தார். லாரி என்றால் கிளீனர், ஷெட் என்றால் தொழில் பழகுகிற பையன். அடியில் படுத்து ஆயிலில் குளித்துத்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள். சொந்தக்காரரின் கை அழுக்காகாதபோது, கை அழுக்காகாமல் இருக்க ஒரு கருவியை யார் தேடுவார்கள்? இப்போது நகரத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நமக்கு, பார்க்கிங்கில் சொட்டு ஆயில் விழுந்தாலே சங்கத்திலிருந்து ஆள் வந்துவிடுவார்!

பொருத்தலாமா என்று கேட்டால், என் கணக்கு இதுதான். திரெட் தேயாது, கை சுடாது, சிந்தாது. இவை லாபம். வால்வின் துவாரம் சின்னது என்பதால் மெதுவாக வடியும். சில வகைகளில் சம்ப்பின் அடியில் கொஞ்சம் ஆயில் தங்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், அது போல்ட்டை விடக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தரைக்கும் சம்ப்புக்கும் நல்ல இடைவெளியும் அடியில் காப்புத் தகடும் இருக்கிற வண்டியில் யோசிக்கலாம். தாழ்வான காரில் வேண்டாம். வாரண்டி இருக்கும்போது நிறுவனத்தைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஆனால் இந்தக் கதையில் ஒன்று இடிக்கிறது. போல்ட், வால்வு, உறிஞ்சும் குழாய் என்று பெரும்பாலான விடைகள் ஆயிலை எப்படி வெளியே எடுப்பது என்பதற்கு வந்தவை. வெளியே வந்த ஆயில் எங்கே போகிறது என்ற கேள்வி மிகவும் பிந்தித்தான் வந்தது. ஊரில் அது எங்கே போகும் என்று நமக்கே தெரியும். கட்டடத்தில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவார்கள். கரையான் வராமல் இருக்க மரத்துக்கு அடிப்பார்கள். மிச்சம் ஷெட் வாசல் மண்ணுக்கும் சாக்கடைக்கும் போகும். ஒரு முறை ஆயில் மாற்றும்போது வரும் கழிவு, பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி இருக்கும் ஊர்களுக்கு இது சின்ன விஷயமா?

இத்தனைக்கும் பழைய ஆயிலைச் சுத்திகரித்து மறுபடியும் ஆயிலாக்க முடியும். இந்தியாவில் 1989-லேயே அபாயகரக் கழிவு விதிகள் வந்தன. 2016-ல் புதிய விதிகள் வந்தன. 2023-ல் அவற்றைத் திருத்தி, விற்கும் ஆயிலுக்கு ஏற்ப ஒரு பங்கு பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதை உறுதி செய்யும் பொறுப்பு, 2024 ஏப்ரல் 1 முதல் தயாரிப்பாளர்கள் மீதே வைக்கப்பட்டது. ஆனால் சட்டம் மேலே இருக்கிறது, ஓட்டை கீழே இருக்கிறது. நடுவில் ஷெட்காரரும் நாமும் இருக்கிறோம்.

வால்வின் உண்மையான பெருமை அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து நிமிஷம் மிச்சம் செய்வது பெரிய விஷயம் இல்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அத்தனையையும் டப்பாவில் பிடிக்க முடியும் என்பதுதான் பெரிய விஷயம். பிடித்ததைச் சரியான இடத்தில் கொடுக்காவிட்டால் அதற்கும் அர்த்தமில்லை. பொங்கலுக்கோ கோடை லீவுக்கோ காரில் ஊருக்குக் கிளம்பும் முன் எப்படியும் வண்டியை சர்வீஸுக்கு விடுவீர்கள். என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்பதோடு, பழையதை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்கு என்று பதில் வந்தால், அந்த ஷெட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.