மெருகும் மெழுகும்

தமிழில் மெருகு வேறு, மெழுகு வேறு. பொற்கொல்லர் நகைக்கு மெருகு போடும்போது அதன் பரப்பிலுள்ள மேடு பள்ளங்கள் தேய்ந்து சமமாகின்றன. வீட்டுத் தரையைச் சாணத்தால் மெழுகும்போது தரைமீது இன்னொரு படலம் ஏறுகிறது. முதலாவது கழித்தல், இரண்டாவது கூட்டல். கார் விஷயம் என்று வந்ததும் இரண்டையும் 'பாலிஷ்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். "வண்டிக்கு ஒரு பாலிஷ் போட்டுடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு, தன் வண்டியிலிருந்து எதையாவது எடுக்கப்போகிறார்களா அல்லது அதன்மேல் எதையாவது பூசப்போகிறார்களா என்பது தெரியாது. இந்தக் குழப்பத்துக்கு ஏறக்குறைய நூறு வருட வரலாறு உண்டு என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

ஆரம்ப காலக் கார்கள் குதிரை வண்டியிடமிருந்து உருவத்தை மட்டுமல்ல, வண்ணப்பூச்சையும் சுவீகரித்துக்கொண்டன. எண்ணெயும் பிசினும் கலந்த வார்னிஷை பிரஷ்ஷால் ஒரு பூச்சு பூச வேண்டும், காயவிட வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும். ஒரு வண்டி முழுதாகத் தயாராக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அத்தனை வண்டிகளும் தூசு படாத கூரையின் கீழ் நிற்க வேண்டும். ஃபோர்டு கம்பெனி இதற்குக் கண்ட வழி நமக்குத் தெரிந்ததுதான்: 1914 முதல் 1925 வரை மாடல் டி காரில் கறுப்பு மட்டுமே. மலிவான, உறுதியான, சூட்டில் உலர்த்தக்கூடிய எனாமல் அது.

வண்ணம் வேண்டும் என்றவர்களுக்கு விடை வந்தது வெடிமருந்து தயாரித்த டியூபான்ட் கம்பெனியிடமிருந்து. துப்பாக்கி மருந்துக்கும் சினிமாச் சுருளுக்கும் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸிலிருந்து ஒரு லாக்கர் செய்தார்கள். பெயர் டூக்கோ. அந்தச் சமயத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளில் பெரும் பகுதி டியூபான்ட் வசம் இருந்தது. ஆகவே ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்தான் 1924ஆம் ஆண்டு மாடலில் டூக்கோவின் நீலத்தை முதலில் உடுத்திக்கொண்டு வந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. பிரஷ் போய் ஸ்ப்ரே துப்பாக்கி வந்தது.

ஆனால் இந்த லாக்கருக்கு இரண்டு குணங்கள் இருந்தன. தெளித்து உலர்ந்ததும் அது பளபளக்காது. தேய்த்தால்தான் ஒளி வரும். வெயிலில் நின்றால் மேற்பரப்பு செத்து, சுண்ணாம்புப் பொடி போலக் கையில் ஒட்டும். செத்த தோலை உரித்தெடுத்தால் உள்ளே இருக்கும் நிறம் மறுபடி தெரியும். உரித்த பிறகு அதை மூடிவைக்க ஒரு படலம் வேண்டும். அதனால்தான் சிகாகோவின் சிமோனிஸ் கம்பெனி இரண்டு டப்பாக்களை விற்றது. முதல் டப்பா சுத்தம் செய்து தேய்க்கும் கிளீனர், அடுத்தது வாக்ஸ். அமெரிக்காவில் 'சிமோனைஸ்' என்பது அகராதியில் ஏறிய வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 1940களில் அதே ஊரில் பென் ஹிர்ஷ் என்பவர் குளியல் தொட்டியில் கலக்கிப் பாட்டிலில் அடைத்து விற்ற திரவ வாக்ஸ்தான் பின்னாளில் 'டர்ட்டில் வாக்ஸ்' ஆனது.

டூக்கோ என்ற சொல் நம்மிடம் இன்னும் சாகவில்லை. கதவுக்கும் பீரோவுக்கும்கூட "டூக்கோ அடிக்கணும்" என்கிறார்கள். கோவையில் ஒரு டிங்கர் பட்டறையில் எனக்குப் பழக்கமான மூத்த பெயிண்டர் ஒருவர் உண்டு. அவர் ஒருநாள் சொன்னார்: "நாங்க பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, கோட்டு மேல கோட்டா அடிப்போம் தம்பி. அப்புறம் கம்பவுண்டு போட்டுத் தேய்ப்போம். பெயிண்டு கனமா இருந்தாத்தானே தேய்க்க முடியும்? இப்ப கம்பெனியிலிருந்து வர்ற வண்டியில தேய்க்கறதுக்கு என்ன இருக்கு?"

அவர் கேள்வியின் பின்னால் 1980களில் உலகெங்கும் பரவிய ஒரு மாற்றம் இருக்கிறது. நிறம் அடியில் மெல்லிய பூச்சாக இருக்க, அதன்மேல் நிறமில்லாத 'கிளியர் கோட்' ஏறியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரசாயனங்கள் அந்தக் கிளியர் கோட்டிலேயே கலந்திருக்கின்றன. அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லியது. ஒரு முரட்டுக் கம்பவுண்டு அதில் சில மைக்ரான்களைத் தின்றுவிடும். அம்பாசிடர் காலத்து வழக்கத்தில் வருடத்துக்கு இரண்டு தரம் 'ரப்பிங் பாலிஷ்' போடுகிறவர், வண்டியின் ஆயுளைத் தன் கையாலேயே கழித்துக்கொண்டிருக்கிறார். கிளியர் கோட் போன இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். அதற்கு எந்த வாக்ஸும் மருந்தல்ல, மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

கீறல்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் துடைப்பதிலிருந்துதான். அடுக்குமாடி வீடுகளில் விடிகாலையில் ஒரே வாளித் தண்ணீரோடும் ஒரே துணியோடும் ஒருவர் இருபது கார்களைத் துடைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாதத்துக்கு நாம் கொடுக்கும் காசுக்கு வேறென்ன கிடைக்கும்? முதல் வண்டியின் மண் இருபதாவது வண்டியின் பானெட்டில் வட்டம் வட்டமாகக் கோடு போடுகிறது. போர்வெல் தண்ணீர் காய்ந்த இடத்தில் உப்புக் கறை நிற்கிறது.

ஆகவே வாக்ஸ் டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்யும் வேலைதான் உண்மையான வேலை. முதலில் மண் போகத் தண்ணீர் அடித்து, பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவ வேண்டும். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. காய்ந்ததும் விரல்களில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். பிரேக்கிலிருந்து பறந்து வந்து ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள், பெயிண்ட் தூறல், மரப் பிசின் எல்லாம் அது. இவற்றை எடுக்க ஜப்பானியப் பட்டறைகளிலிருந்து வந்த 'களிமண்' உண்டு. 1990களில் டடாவோ கொடாட்டே என்பவர் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இந்தப் பிசைகளிமண்ணை, வழுவழுப்பான திரவம் தெளித்து மெல்ல ஓட்டினால் ஒட்டியிருப்பதைப் பிடுங்கிக்கொள்ளும். கீழே விழுந்த களிமண்ணை மட்டும் மறுபடி தொடக்கூடாது, தரை மண்ணெல்லாம் அதில் ஏறியிருக்கும். இதற்குப் பிறகும் கீறல் கண்ணை உறுத்தினால்தான் மெருகு. அதுவும் ஓர் ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்து, இருப்பதிலேயே மென்மையான பாலிஷில் தொடங்கி, போதும் என்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

இனி மெழுகு. வாக்ஸ்களில் மேட்டுக்குடி என்றால் அது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில், சியரா, பியாவி மாநிலங்களின் வறண்ட நிலத்தில் வளரும் பனை இது. நம் பனை மாதிரியே விசிறி ஓலை. கோடையில் ஈரம் போய்விடாமலிருக்க ஓலைமீது மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகுதான் நம் பானெட்டுக்கு வருகிறது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். தேன் மெழுகு இதற்கு வெகு முன்பே இளகிவிடும். 1935இல், மெழுகு வியாபாரத்தில் பெரிய பெயரான ஜான்சன் கம்பெனியின் ஹெர்பர்ட் ஜான்சன், நீரிலும் நிலத்திலும் இறங்கும் ஒரு சிகோர்ஸ்கி விமானத்தில் அமெரிக்காவின் ரசீனிலிருந்து சியராவின் ஃபோர்டலேசா வரை பறந்துபோய் இந்த மரத்தைத் தேடினார். ஒரு பனைக்காக இவ்வளவா என்று தோன்றலாம். இன்றும் மாத்திரை, மிட்டாய், உதட்டுச் சாயம் எல்லாவற்றின் பளபளப்பிலும் அது இருக்கிறது.

அந்த மெழுகை எடுக்கிறவர்களின் கதை அவ்வளவு பளபளப்பானதல்ல. நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று ஓலையை அறுக்க வேண்டும். வெயிலில் உலர்த்தி, அடித்து, பொடியை உதிர்க்க வேண்டும். கார்னாபா தோப்புகளில் அடிமைகளைப் போல வைக்கப்பட்டிருந்த கூலிகளைப் பிரேசில் அரசின் ஆய்வாளர்கள் பலமுறை மீட்டிருக்கிறார்கள். கூரையில்லாமல் தூங்கி, வடிகட்டாத தண்ணீரைக் குடித்தவர்கள் அவர்கள். பனையேறிகளின் பாடு தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எந்த வாக்ஸ் வாங்கலாம் என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். 'நூறு சதவீத கார்னாபா' என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சுத்தக் கார்னாபா செங்கல்லைப் போலக் கெட்டி. எண்ணெயும் கரைப்பானும் மற்ற மெழுகுகளும் சேராமல் அதைப் பூசவே முடியாது. கறுப்பு, சிவப்பு போன்ற அடர்நிற வண்டிக்கு ஓர் ஆழம் வேண்டுமென்றால் கார்னாபா கலந்த பேஸ்ட் நல்லதுதான். ஆனால் நம் ஊர் வெயிலில் அது வாரக்கணக்கில்தான் தாங்கும். தெருவில் நிற்கும் வண்டிக்குச் செயற்கை பாலிமர் சீலண்ட் பொருத்தம், மாதக்கணக்கில் தாங்கும். செராமிக் பூச்சு இன்னும் நாள்படும். ஆனால் அடியில் கீறலிருந்தால் கீறலோடு சேர்த்தே மூடிவிடும். எதுவானாலும் நிழலில், சூடு ஆறிய தகட்டில், மெல்லிசாகப் பூசுங்கள். தடிமனாக அப்பினால் துடைக்கும் துணிக்குத்தான் போகும்.

செத்த லாக்கரைக் காப்பாற்ற வந்த மெழுகுக்கு இன்று அந்த வேலை இல்லை. கிளியர் கோட் அதை எடுத்துக்கொண்டது. மிச்சமிருப்பது, அழுக்கு சீக்கிரம் ஒட்டாமலும் கழுவும்போது எளிதாக வழிந்து போகவும் ஒரு மெல்லிய திரை, பிறகு கொஞ்சம் அழகு. அது போதும். அடுத்த முறை சாவியைக் கொடுக்கும்போது 'பாலிஷ்' என்று பொதுவாகச் சொல்லாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, தேய்க்கப் போறீங்களா, பூசப் போறீங்களா?" பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை விட்டுவிட்டு வரலாம்.