தண்ணீர்மலைப் பாதைகள்: பினாங்குத் தீவின் நடைவழிகளும் அவற்றை அமைத்த கைகளும்

முன்னுரை

பினாங்குத் தீவில் கடுமையான மலையேற்றப் பயிற்சி இன்றியே எவரும் நடந்து செல்லக்கூடிய வழிகள் பல உள்ளன. ஜோர்ஜ்டவுனின் மேற்கே, அருவியாறு பாயும் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள தாவரவியல் பூங்காவின் சுற்றுச்சாலை அவற்றுள் ஒன்று. கொடிமலையின் மேற்பகுதியில் காட்டினூடே ஏறக்குறையச் சமமட்டமாகச் செல்லும் மோனியோ பாதை மற்றொன்று. தீவின் மறுபுறத்தில் பாலிக் பூலாவ் வட்டாரத்தின் பழத்தோட்டங்களுக்கும் சுங்கை பூரோங் வயல்களுக்கும் இடையே செல்லும் சிறுபாதைகளையும் இவற்றுடன் சேர்க்கலாம். விடுமுறை நாள்களின் காலை வேளையில் முதியோரும் சிறுவரும் இவ்வழிகளில் நடப்பதைக் காண்கிறோம்.

இவ்வழிகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் மரங்களையும் பறவைகளையும் பேசுகின்றன. அல்லது மலைமீது மாளிகை கட்டிய ஆங்கிலேய அதிகாரிகளைப் பேசுகின்றன. பாதை எவ்வாறு தோன்றியது, காட்டை வெட்டியவர் யார், கல் சுமந்தவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதிய நாமும் தோட்டம், இரயில் பாதை, துறைமுகம் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிட்டோம். மலைப்பாதை உல்லாசத்திற்குரியது, உழைப்பின் வரலாற்றுக்குரியது அன்று என்னும் எண்ணம் நம்மிடமும் இருந்திருக்க வேண்டும். அவ்வெண்ணம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கைதிகளும் சாலைகளும்

பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் கைப்பற்றினார். அவர் 1794இல் மறைந்தார். அதற்குள்ளாகவே மலைக்கு ஒரு வழி வெட்டப்பட்டுவிட்டது. குளிர்ந்த மலைமேட்டில் ஸ்ட்ராபெரி பயிரிட அவர் முயன்றதால் அங்குள்ள ஓர் இடம் இன்றளவும் ஸ்ட்ராபெரி குன்று என வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயுற்ற ஐரோப்பியர் உடல் தேறுவதற்குரிய இடமாகவும் கொடிமலை கருதப்பட்டது. இந்தியாவின் மலைவாழிடங்களான உதகையும் சிம்லாவும் 1820களில்தான் உருப்பெற்றன என்பதை நோக்க, பினாங்கின் தொன்மை விளங்கும்.

மலைக்கு வழி வேண்டுமாயின் ஆள்கள் வேண்டும். தீவில் அப்போது கூலியாள்கள் போதிய அளவில் இல்லை. 1790ஆம் ஆண்டையொட்டி இந்தியக் கைதிகள் பினாங்குக்கு நாடுகடத்தப்படலாயினர். 1824ஆம் ஆண்டு ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கையின்படி பென்கூலன் கைமாறியபோது, அங்கிருந்த சென்னை, வங்காள மாகாணக் கைதிகளும் 1825இல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவரப்பட்டனர். நீரிணைக் குடியேற்றங்களில் இக்கைதிமுறை 1873இல் முடிவுற்றது. ஏறத்தாழ எண்பது ஆண்டுக்காலம் அரசின் கட்டுமானப் பணிகளில் பெரும்பங்கு இவர்களுடைய தோள்களில் இருந்தது. 1818இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித ஜோர்ஜ் தேவாலயமும் இவர்களுடைய உழைப்பால் எழுந்ததாகும்.

இக்கைதிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான நூல் மெக்நேர் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1899இல் வெளியிட்டதாகும். கைதிகளே கைதிகளை மேற்பார்க்கும் முறையை அந்நூல் பெருமிதத்துடன் விளக்குகிறது. நன்னடத்தையுடைய கைதி படிப்படியாக உயர்ந்து தண்டல் ஆகலாம். கப்பல் தொழிலில் வழங்கிய தண்டல் என்னும் சொல் இவ்வாறு சிறைக்குள் புகுந்து, பின்னர் இந்நாட்டுக் கூலிப்படைகளின் மேற்பார்வையாளரையும் குறிப்பதாயிற்று. சொல்லொன்றின் பயணம் ஒரு சமூகத்தின் பயணத்தைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டா. மெக்நேர் எழுதியது ஆள்வோரின் நூல் என்பதை மறத்தலாகாது. அதில் கைதியின் குரல் இல்லை. கைதியைப் பற்றிய மதிப்பீடே உள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கைதிகள் அனைவரும் தமிழர் என்று கூறுவது மிகையாகும். வங்காளத்தாரும், பிற்காலத்தில் பம்பாய் மாகாணத்தாரும் அவர்களுள் இருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து வந்தோருள் தெலுங்கரும் பிறரும் இருந்தனர். பொதுமேடைகளில் 'இம்மலைப்பாதையைத் தமிழன் போட்டான்' என்று முழங்குவது கேட்க இனிமையாக இருப்பினும், நம் மாணவர்க்கு அதனைப் பாடமாக்குதல் தகாது. தமிழரும் இருந்தனர், பெயரின்றி இருந்தனர் என்பதே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது. அதுவே போதிய வலிமையுடைய கூற்றாகும்.

எளிய நடை என்பது யாருக்கு?

மோனியோ பாதை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் தலைமை நில அளவையாளராக இருந்த மோனியோ என்பவரின் பெயரால் வழங்குவது. மலைச்சரிவின் வளைவுகளைப் பின்பற்றி, ஏற்றமும் இறக்கமும் மிகாதவாறு அது செல்கிறது. நாம் மாணவருடன் அவ்வழியே நடந்தபோது, 'இது எவ்வளவு எளிதாக இருக்கிறது' என்று ஒரு மாணவி வியந்தார். இவ்வெளிமை இயற்கையாக அமைந்ததன்று. அளவைக் கருவியால் மட்டம் பார்த்து, சரிவின் மேற்புறத்தை வெட்டி, கீழ்ப்புறத்தைத் தாங்கி, மழைநீர் ஓடக் கால்வாய் அமைத்தாலன்றி வெப்பமண்டல மழைக்காட்டில் ஒரு பாதை நிலைக்காது. பருவமழை ஒன்று வந்தால் மண் சரியும். சரிந்ததை அள்ள மீண்டும் ஆள் வேண்டும். பாதை என்பது ஒருமுறை போடப்படுவதன்று, ஆண்டுதோறும் காக்கப்படுவது. 2017 நவம்பர் தொடக்கத்தில் வீசிய புயல்மழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்ததைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இரயில் வருவதற்கு முன்னர் மலைக்குச் சென்றோர் குதிரைமட்டத்தின் மீதும், கூலிகள் சுமந்த நாற்காலிகளிலும் சென்றனர். மெல்லிய சரிவு குதிரைக்கும் சுமப்பவர்க்கும் தேவையானது. செங்குத்தான வழியில் நாற்காலி பின்புறம் சாயும், அமர்ந்திருப்பவர் அஞ்சுவார். எனவே பாதையின் சரிவைத் தீர்மானித்ததில் அமர்ந்து சென்றவரின் வசதிக்குப் பெரும்பங்கு இருந்திருக்கும் என்று கருதலாம். இதற்கு மாறாக, பூங்கா வாயிலிலிருந்து உச்சிக்குச் செல்லும் ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை ஜீப் வண்டிகளுக்குரியது. பல இடங்களில் மிகச் செங்குத்தானது. அதில் இறங்குவோரின் முழங்கால்கள் அவ்வேறுபாட்டை நன்கு உணர்த்தும். மனிதன் மனிதனைச் சுமந்த காலத்து வழி நமக்கு எளிதாயும், இயந்திரம் மனிதனைச் சுமக்கும் காலத்து வழி நமக்குக் கடினமாயும் இருப்பது எண்ணத்தக்கது.

மலை இரயில் 1924 ஜனவரி 1ஆம் நாள் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய ஒரு முயற்சி தோல்வியுற்றிருந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இவ்விரும்புப்பாதை வந்ததும் நாற்காலி சுமப்போரின் தொழில் மறைந்தது. 2011இல் புதிய வண்டிகள் வந்தபோது, இடையில் வண்டி மாறும் வழக்கமும் ஒழிந்தது. பழைய பாதைகள் அதன்பின் நடப்போருக்கே உரியனவாயின.

தண்ணீர்மலை என்னும் பெயர்

ஆங்கிலேயர் இப்பள்ளத்தாக்கை 'அருவி' என்றனர். அவர்களுக்கு அது காண்பதற்குரிய பொருள். 1811இல் பினாங்குக்கு வந்த ஜேம்ஸ் வாத்தன் தம் பயணநூலில் அருவியைப் பற்றி எழுதினார். இங்குப் பொறியாளராகப் பணியாற்றிய ராபர்ட் ஸ்மித் வரைந்த பினாங்குக் காட்சிகளுள் அருவியும் இடம்பெற்று, 1821இல் செதுக்கோவியமாக வெளிவந்தது. தமிழரோ இவ்விடத்தைத் 'தண்ணீர்மலை' என்றனர். விழும் நீரின் அழகைச் சுட்டாமல், மலையையும் அது தரும் நீரையும் இணைத்துச் சுட்டும் பெயர் இது. துறைமுக நகருக்கும் கப்பல்களுக்கும் குடிநீர் இப்பள்ளத்தாக்கிலிருந்தே சென்றது. நீரின் பயனை அறிந்தவர் இட்ட பெயர் என்று கொள்வதில் தவறில்லை.

பார்ப்போர்க்கும் பணிபுரிவோர்க்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடு பூங்காவின் வரலாற்றிலும் தொடர்கிறது. 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் பழைய கற்சுரங்கம் இருந்த இப்பள்ளத்தாக்கில் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். அதற்கு முன்னரே தீவில் சாதிக்காயும் கிராம்பும் பெருமளவில் பயிரிடப்பட்டு, 1850களில் தொடங்கிய நோயால் சாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்திருந்தன. இன்று பூங்கா வாயிலருகே நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. மலரின் நடுவே லிங்கத்தைக் கண்டு பெயரிட்ட நம் மக்கள் அதனைத் தம்முடையதென்றே கருதுகின்றனர். மரமோ தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. புலம்பெயர்ந்தோர் புலம்பெயர்ந்த மரத்திற்குத் தம் பெயரைச் சூட்டியது பொருத்தமே.

அருவிக்கருகே முருகனுக்கு அமைந்திருந்த சிறு சன்னிதி, நீர்த்தேக்கப் பணியின் பொருட்டு எதிரிலுள்ள குன்றிற்கு மாற்றப்பட்டதாகக் கோயில் மரபு கூறுகிறது. அக்குன்றின்மேல் இன்றுள்ள அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம் 2012இல் குடமுழுக்குக் கண்டது. 513 படிகள் ஏறி அதனை அடைய வேண்டும். அடிவாரத்தில் நகரத்தார் கோயில் 1850களில் எழுந்தது. தைப்பூசத்திற்கு முன்னாளாகிய செட்டிப் பூசத்தன்று நகரத்தாரின் வெள்ளித் தேர் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்கு வருகிறது. காரைக்குடியில் செய்யப்பெற்ற அத்தேர் 1894இல் இங்கு வந்தது. வழிநெடுக அமையும் தண்ணீர்ப்பந்தல்களையும், தேரின் முன் சீனரும் தமிழரும் உடைக்கும் தேங்காய்களையும் இங்கு விரிவாக எழுத வேண்டியதில்லை. நாம் சுட்ட விரும்புவது ஒன்றே: கடற்கரைக் கடைத்தெருவிலிருந்து பள்ளத்தாக்கினூடே மலைக்குச் செல்லும் வழியை, ஆண்டுதோறும் தமிழர் தம் கால்களால் மீண்டும் தமதாக்கிக்கொள்கின்றனர்.

தமிழிலக்கியம் வழியை அறியாததன்று. மலைபடுகடாம் 583 அடிகளில், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களையும் தங்குமிடங்களையும் எடுத்துரைக்கிறது. ஆற்றுப்படுத்துதல் என்னும் மரபே வழியறிந்தவன் வழியறியாதவனுக்குச் செய்யும் உதவி. ஆயினும் அங்கு வழியைக் காண்பவன் கூத்தன். வழியை வெட்டியவன் அங்கும் பேசப்படவில்லை. இக்குறைக்குக் குடியேற்ற ஆட்சியை மட்டும் பொறுப்பாக்குதல் நேர்மையாகாது.

செபராங் பிறையின் சடக்குகள்

தீவுக்கு எதிரே, நிலப்பகுதியாகிய செபராங் பிறையில் நிலைமை வேறு. 1800இல் கும்பினியின் கைக்கு வந்த அச்சமவெளியில் கரும்புத் தோட்டங்கள் தோன்றின. நிபோங் திபால், பத்து காவான் பகுதிகளில் சஞ்சிக்கூலிகளாக வந்த தமிழர் ஆற்றங்கரைச் சேற்றில் வாய்க்கால் வெட்டினர். சஞ்சிமுறை ஆள்சேர்ப்பு 1910இல் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கரும்பு மறைந்து இரப்பர் வந்தது. அங்குப் பாதை என்பது லயத்திலிருந்து பெரட்டுக்களத்திற்கும், அங்கிருந்து பால்மர நிரைக்கும் செல்லும் செம்மண் சடக்கு. பொழுது விடியுமுன் வாளியுடன் அவ்வழியே சென்றோர் அதனை உலா என்று ஒருபோதும் எண்ணியிரார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபின் அச்சடக்குகளுள் பல மறைந்துவிட்டன. எஞ்சியவற்றின் பெயர்கள் எந்த வரைபடத்திலும் ஏறாதவை. அவற்றைச் சொல்லக்கூடியோர் முதுமையடைந்துவிட்டனர். பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரின் தாத்தா பாட்டியரிடம் இப்பெயர்களைக் கேட்டு எழுதச் செய்வார்களாயின், ஆவணக் காப்பகம் தர இயலாத சான்றுகள் நமக்குக் கிட்டும்.

கொடிமலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டது. தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குக் கம்பிவண்டி அமைக்கும் திட்டமும் மேற்கொள்ளப்பட்டது. இத்தகைய பணிகளுக்காக எழுதப்படும் விளக்கப் பலகைகளில் மாளிகை உரிமையாளரின் பெயர்கள் இடம்பெறுவது உறுதி. கைதிகளைப் பற்றி ஒரு வரியேனும் சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்கு, கேட்போரிடம் ஆதாரத்துடன் கூடிய ஆய்வு இருத்தல் வேண்டும். அப்பணியை இந்திய ஆய்வியல் துறையினர் பிறர்க்கு விட்டுவிடலாகாது.

பூங்காவுக்குச் செல்லும் சாலைக்கு இப்போது ஜாலான் கெபுன் பூங்கா என்பது அலுவல் பெயர். பூந்தோட்டச் சாலை என்று பொருள். ஆங்கிலத்தில் அது அருவிச் சாலை. தைப்பூச நாளில் அங்கு வழி கேட்கும் தமிழ்ப் பாட்டி இவ்விரண்டையும் சொல்வதில்லை. 'தண்ணீர்மலை ரோடு எந்தப் பக்கம், தம்பி?' என்றே கேட்கிறார்.