லோகேல் சாரா மிதவைப்புள்ளி எண் மாற்றம்

சி மொழி நிரல், தான் ஓடும் கணினியின் மொழி, நாட்டு அமைப்பு (லோகேல்) எதுவானாலும் மிதவைப்புள்ளி எண்களை ஒரே வடிவில் படித்து எழுதுவது லோகேல் சாரா எண் மாற்றம். லோகேல் வசதி 1989ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்தது. நிரல் தொடங்கும்போது ‘சி’ என்ற லோகேலில் இருக்கும். அதில் தசமக் குறி புள்ளி. செட்லோகேல் சார்பின் வழியாகப் பயனரின் அமைப்பை ஏற்றதும், ஜெர்மன், பிரெஞ்சு லோகேல்களில் அது காற்புள்ளியாகிவிடும். எண்ணை எழுதும் பிரிண்ட்எஃப், உரையிலிருந்து எண்ணைப் படிக்கும் ஸ்கேன்எஃப், ஸ்ட்ர்டாட் ஆகிய சார்புகள் எல்லாம் அதன்படியே நடக்கும்.

உதாரணமாக, ஸ்ரீரங்கம் கோயில் ஏறத்தாழ வடக்கு 10.86, கிழக்கு 78.69 பாகையில் இருக்கிறது. இந்த எண்களை ஜெர்மன் லோகேலில் படித்தால் ஸ்ட்ர்டாட் புள்ளியிலேயே நின்றுவிடும். கிடைப்பது 10, 78. வரைபடத்தில் கோயில் சுமார் 120 கி.மீ. தென்மேற்கே, சோழவந்தான் பக்கம் போய்விடும். திருச்சி மலைக்கோட்டைக்கும் அதே 10, 78தான் கிடைக்கும் என்பதால் இடையில் ஓடும் காவிரியும் காணாமல் போகும். எங்கே நின்றோம் என்பதை ஸ்ட்ர்டாட் இரண்டாம் அளவுருவில் தெரிவிக்கிறது; அதைப் பார்ப்பவர்கள்தான் குறைவு. அதே வேலையைச் செய்யும் ஏடோஎஃப் அதைக்கூடச் சொல்லாது.

எழுதும்போது விபரீதம் கூடும். இடத் தரவுக்கான ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முன்னே வரும். 78.69,10.86 என்பது 78,69,10,86 என்று பதிவாகும். நான்கு எண்கள், இலக்கணப் பிழை ஏதுமில்லை. முதலிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல் கோயிலை வட சைபீரியாவில் வைக்கும்.

இந்திய லோகேல்களில் தசமக் குறி புள்ளியே. அதனால் திருச்சியில் எழுதிச் சோதித்த நிரலில் இந்தப் பிழை தலைகாட்டாது. வெளிநாட்டுப் பயனரிடம்தான் வெடிக்கும். நம் பக்கச் சிக்கல் வேறு: 12,34,567 என்ற உரையை ‘சி’ லோகேலில் ஸ்ட்ர்டாட் 12 என்றே படிக்கும்.

செட்லோகேலால் தற்காலிகமாக ‘சி’க்கு மாறித் திரும்புவது பழைய உத்தி. அந்த மாற்றம் நிரல் முழுவதையும் பாதிப்பதால், பல இழைகள் ஓடும் நிரலில் அது ஆபத்து. போசிக்ஸ் 2008 தரநிலை தந்த யூஸ்லோகேல் அழைத்த இழையை மட்டும் மாற்றும். அச்சிட்ட பின் காற்புள்ளியைப் புள்ளியாக்குவதும் அரைகுறை வைத்தியம்தான். சில லோகேல்களில் தசமக் குறி ஒரு பைட்டுக்கு மேல் நீளும். லோகேலைத் தொடாத தனிச் சார்புகளே நல்ல வழி. ஜிலிப் நூலகத்தில் ஜி_ஆஸ்கி_ஸ்ட்ர்டாட், ஜி_ஆஸ்கி_டிடோஸ்ட்ர் உண்டு. சி++17 ஃப்ரம்_கேர்ஸ், டு_கேர்ஸ் இரண்டையும் சேர்த்தது. பைத்தான் டேவிட் கே எழுதிய எண் மாற்ற நிரலை உள்ளே வைத்திருக்கிறது. எந்த வழியில் எழுதினாலும், 64 பிட் டபுள் மதிப்பு இழப்பின்றித் திரும்பி வர 17 பொருளுடை இலக்கங்கள் எழுதினால் போதும்.