பேஜெட் எண்ணிய கல்லீரல்கள்

"மாரையே எடுத்தாச்சே, பின்ன எலும்புக்கு எப்படிப்பா போச்சு?" என்று அத்தை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கிட்டத்தட்ட இதே கேள்வியோடு 1889இல் லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் செய்தது கணக்குப்பிள்ளை வேலை. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, நோய் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று எண்ணினார். கல்லீரலில் 241 பேருக்கு. மண்ணீரலில் வெறும் 17. ரத்தம் இரண்டுக்கும்தான் போகிறது, அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? விதை எல்லாப் பக்கமும் போகும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் பேஜெட். எல்லோரும் விதையையே பார்க்கிறோம், மண்ணையும் பார்ப்போம் என்பது அவர் கட்சி. (தமிழில் பெயரிலேயே மண்ணை வைத்திருக்கும் உறுப்பில்தான் அது முளைக்க மறுத்தது!)

1928இல் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூயிங், ரத்த ஓட்டத்தின் பாதையே போதும், மண் கதையெல்லாம் வேண்டாம் என்றார். அவர் பெரிய கை. பேஜெட் ஓரங்கட்டப்பட்டார். 1980இல் ஹார்ட்டும் ஃபிட்லரும் எலிகளின் உடலில் வேறிடத்தில் நுரையீரல், சூலகம், சிறுநீரகத் துண்டுகளை ஒட்டவைத்து, ரத்தத்தில் புற்றுச் செல்களைச் செலுத்தினார்கள். முதல் இரண்டில் கட்டி வளர்ந்தது, சிறுநீரகத் துண்டில் வளரவில்லை.

மண் என்றால் எது? அதில் பெரும்பங்கு, செல்களுக்கு வெளியே கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின் என்று புரதங்கள் பின்னிக் கிடக்கும் வலை. அதே 1980இல் லான்ஸ் லியோட்டாவின் குழு, பரவும் செல்கள் நான்காம் வகைக் கொலாஜனை அறுக்கும் நொதியைச் சுரப்பதைக் காட்டியது. அப்போ நொதியைத் தடுத்தால் போச்சு என்று 1990களில் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் வந்தன. பெரிய சோதனைகளில் தோற்றன. பல நோயாளிகளுக்கு மிஞ்சியது மூட்டுவலி. வேலியை வெட்டுபவனைப் பிடித்தால் திருட்டு நின்றுவிடும் என்று நம்பியது அவசரம்தான்.

2005இல் நியூயார்க்கில் டேவிட் லைடனின் குழு கண்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எலிகளில், புற்றுச் செல் ஒன்றுகூட வந்து சேருமுன்பே நுரையீரலில் ஃபைப்ரோனெக்டின் கூடியிருந்தது. தூரத்துக் கட்டி சுரந்தனுப்பிய பொருள்கள் செய்த வேலை அது.

அத்தைக்கு இதைச் சொன்னேன். மூன்று ஏக்கர் பார்த்தவள். "அப்போ விதைக்கிறதுக்கு முன்னாடியே உழுதுருச்சா?"

"அது எலியில பார்த்தது அத்தை. உங்க எலும்புல யாரும் பார்க்கல."

"சரி, அந்த மாத்திரைய எடு" என்றாள்.