வியன்னாவின் பிரீமேசன் மன்றங்களில் இசையும் தொடர்கல்வியும்: மொட்சார்ட்டை முன்வைத்து (1784–1791)

முன்னுரை

மொட்சார்ட்டுக்கும் (1756–1791) பிரீமேசன் இயக்கத்துக்கும் உள்ள உறவைப் பேசுவோர் பெரும்பாலும் ‘மந்திரப் புல்லாங்குழல்’ இசைநாடகத்தின் குறியீடுகளை விளக்குவதோடு நின்றுவிடுகின்றனர். மன்றத்தின் சடங்குகளுக்கென அவர் இயற்றிய சிறிய படைப்புகள் துணைச்சான்றுகளாகவே கருதப்படுகின்றன. அப்படைப்புகளை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு நோக்கினால், வளர்ந்தவர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட ஒரு கல்விமுறையில் இசை வகித்த இடம் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மன்றம் என்னும் கல்விக்களம்

பிரீமேசன் அமைப்பின் படிநிலைகள் கல்தச்சரின் தொழில்மரபிலிருந்து பெறப்பட்டவை. மாணாக்கர், தோழர், ஆசான் என்னும் மூன்று படிகளில் உறுப்பினர் உயர்கிறார். கல்தச்சரின் பழஞ்சாசனங்கள் இலக்கணம், பேச்சுக்கலை, தருக்கம், எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழு கலைகளைக் குறிப்பிடுகின்றன. இசை இங்கு வடிவியலுக்கு நிகரான அறிவுத்துறையாக எண்ணப்பட்டமை கருதத்தக்கது.

வியன்னாவில் இக்கல்வி நோக்கைச் செயலாக்கியது ‘உண்மை ஒற்றுமை’ மன்றம். அதன் தலைவர் இக்னாஸ் ஃபான் போர்ன் ஒரு கனிமவியல் அறிஞர். அவர் காலத்தில் உறுப்பினர்கள் ஆய்வுரைகள் நிகழ்த்தினர். 1783 முதல் இயற்கை அறிவியல் கட்டுரைகளும், 1784 முதல் மன்றத்தவர்க்கான இதழும் வெளிவந்தன.

மொட்சார்ட் பள்ளிக்குச் சென்றவரல்லர். தந்தை லியோபோல்டே அவருக்கு ஆசிரியர். 1784 டிசம்பர் 14 அன்று, 28ஆம் வயதில், ‘ஈகை’ மன்றத்தில் மாணாக்கராகச் சேர்ந்தார். 1785 ஜனவரி 7 அன்று ‘உண்மை ஒற்றுமை’ மன்றத்தில் தோழராக உயர்த்தப்பட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் லியோபோல்டும் ‘ஈகை’ மன்றத்தில் சேர்ந்தார். ஒருகாலத்தில் மகனுக்குக் கற்பித்தவர், மகன் நான்கு மாதங்களுக்கு முன் நின்ற அதே முதற்படியில் இப்போது தாமும் நின்றார்.

பாடல்களின் பணி

1785 மார்ச் 26ஆம் நாளிட்ட ‘தோழரின் பயணம்’ என்னும் பாடல் இரண்டாம் படிக்கு உயர்வோருக்காக இயற்றப்பட்டது. அறிவை நோக்கிய பயணமே அதன் பொருள். எனவே பாடல், சடங்கு, கற்றல் ஆகியவற்றை இங்குத் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது.

இதனினும் வலுவான சான்று, ஏப்ரல் 24 அன்று அரங்கேறிய ‘மேசனின் மகிழ்ச்சி’ என்னும் இசைப்படைப்பு. பாதரசத்தைக் கொண்டு தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்திய போர்ன் அரசால் சிறப்பிக்கப்பட்டபோது, மன்றத்தார் எடுத்த விழாவுக்கென இது இயற்றப்பட்டது. தனிக்குரலும் ஆண்கள் குழுப்பாடலும் இசைக்குழுவும் சேர்ந்து ஓர் உலோகவியல் சாதனையைக் கொண்டாடின. அரசவையும் தேவாலயமும் இசைக்கலைஞரின் புரவலராக விளங்கிய காலத்தில், அறிவுழைப்பைப் போற்றும் இசைக்கு மன்றம் இடமளித்தது.

எல்லைகள்

இக்கல்விக்களம் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. ‘மந்திரப் புல்லாங்குழ’லில் பமினா தமினோவுடன் சோதனைகளைக் கடக்கிறாள், வியன்னா மன்றங்களிலோ பெண்களுக்கு உறுப்புரிமை இல்லை. உறுப்பினராவதால் மட்டும் ஈடுபாடு வந்துவிடவுமில்லை. 1785 பிப்ரவரி 11 அன்று போர்னின் மன்றத்தில் சேர்ந்த ஹைடன் பின்னர் அங்குச் சென்றதற்குப் பதிவில்லை.

அரசின் தலையீடு மேலும் கடுமையானது. 1785 டிசம்பரில் பேரரசர் இரண்டாம் ஜோசப் பிறப்பித்த ஆணை மன்றங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, உறுப்பினர் பட்டியலை அதிகாரிகளிடம் அளிக்கப் பணித்தது. அறிவொளிக் கருத்துகளை ஆதரித்த மன்னரே அறிவொளிக் கூட்டங்களுக்கு வரம்பிட்டார். போர்ன் 1786இல் விலகினார். மொட்சார்ட் விலகவில்லை; இணைப்பால் உருவான புதிய மன்றத்தின் கூட்டத் தொடக்கத்துக்கும் நிறைவுக்கும் பாடல்கள் அமைத்தார். 1791 நவம்பரில் அம்மன்றத்தின் புதிய கூடத் திறப்புக்காக இயற்றியதே அவர் முழுமையாக முடித்த கடைசிப் படைப்பு. டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார்.

முடிவுரை

மன்ற இசை சடங்குக்கு அழகு சேர்த்ததுடன், கற்றலின் படிநிலைகளை உறுப்பினர் உணரச் செய்யும் கருவியாகவும் இருந்தது என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. ஆயினும் அக்கல்வி ஆட்சியாளரின் பொறுமையைச் சார்ந்தே நிலைத்தது. 1795இல் ஆஸ்திரிய நிலப்பகுதிகளில் பிரீமேசன் இயக்கம் தடைசெய்யப்பட்டது. ஆய்வுரைக் கூட்டங்கள் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தன. அவற்றின் நோக்கத்தைத் தாங்கிய பாடல்களோ எஞ்சியுள்ளன. எனவே அப்பாடல்களை இசை வரலாற்றோடு கல்வி வரலாற்றின் ஆவணங்களாகவும் வாசித்தல் வேண்டும்.