கேட்டவர் கைக்குப் போன கருவி

எடை ஏறக்குறைய ஒரு கிலோ. முன்னால் நீண்டிருக்கும் ஒரு முனை, சின்னத் திரை, சில பொத்தான்கள். முனையைப் பாலித்தீன் பையின் மீதோ கண்ணாடிக் குப்பியின் மீதோ வைத்து அழுத்தினால் போதும். உள்ளே இருக்கும் பொடி, லேபிளில் எழுதியிருக்கும் பொருள்தானா என்று சற்று நேரத்தில் சொல்லிவிடும். பையைப் பிரிக்க வேண்டாம், பொடியைக் கரைக்க வேண்டாம். இதன் பெயர் கையடக்க ராமன் நிறமாலைமானி. மருந்தைச் சோதிப்பதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கும் இந்தக் கருவியின் முக்கிய உறுப்புகள் எல்லாம் வேறு வேலைகளுக்காக, வேறு யாரோ கேட்டதால் உருவானவை.

அடிப்படை விதி கிடைத்த இடம் கொல்கத்தா, பவ்பஜார் தெரு, 210ஆம் எண். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அங்கே இருந்தது. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா போனதும், அலுவலக நேரம் போக மற்ற நேரத்தில் அந்தக் கூடத்தில் ஆராயத் தொடங்கினார். 1921-இல் கப்பல் பயணத்தில் பார்த்த மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒரு கேள்வியில் இறக்கிவிட்டது: திரவங்கள் ஒளியை எப்படிச் சிதறடிக்கின்றன?

1923-இல் கே.ஆர். ராமநாதன், சிதறிய ஒளியில் மங்கலான நிறமாற்றம் ஒன்றைக் கண்டார். திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். எத்தனை முறை சுத்திகரித்தாலும் அது போகவில்லை. 1927 இறுதியில் எஸ். வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தியபோது, நீலமாகச் சிதற வேண்டியது பச்சை கலந்து தெரிந்தது. பகலில் அவருக்கு வேறு உத்தியோகம் இருந்தது, சோதனைக்கோ வெயில் வேண்டும். அதனால் முழுநேரமும் கூடத்தில் இருந்த கே.எஸ். கிருஷ்ணனிடம் வேலை வந்தது. வத்திராயிருப்பிலிருந்து வந்த கிருஷ்ணன் திரவம் திரவமாகச் சோதித்தார். 1928 பிப்ரவரி 28 அன்று, நிறமாலைநோக்கியில் பழைய ஒளியின் பக்கத்தில் புதிய ஒளி தனியாகப் பிரிந்து நின்றது. 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு வந்தது.

ராமன் அதற்கு முன்பே மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்தவர். மிருதங்கத்துக்குத் தனக்கே உரிய ஒலி இருப்பதைப் போலத்தான் மூலக்கூறும்: அதன் அணுக்கள் தமக்கே உரிய சில அதிர்வெண்களில் மட்டும் அதிரும். மோதும் ஒளியிலிருந்து அந்த அதிர்வுக்கான ஆற்றலை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும்போது ஒளியின் நிறம் அந்த அளவுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்தால் எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மிருதங்கம் எது, தபலா எது என்று தெரிவதைப் போன்றது இது.

சிக்கல் என்னவென்றால், இந்த ஒளி மிக மிக மங்கலானது. சுமார் ஒரு கோடி ஒளித்துகள்கள் மோதினால் ஒன்றுதான் இப்படி நிறம் மாறி வரும். பாதரச விளக்கை வைத்துப் புகைப்படத் தகட்டில் பதிய மணிக்கணக்காகும், சில வேளை நாள்கணக்கும் ஆகும். இரண்டாம் உலகப்போரில் செயற்கை ரப்பர் செய்ய வேண்டியிருந்த அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவை அகச்சிவப்புக் கருவிகளைக் கேட்டன, அந்தக் கருவிகளே ஆய்வகங்களை நிறைத்தன. ராமன் விளைவு பாடநூலுக்குள் ஒதுங்கியது.

அதை வெளியே கொண்டுவந்தது 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய லேசர். ஒரே நிறத்தில், ஒரே திசையில், அவ்வளவு செறிவான ஒளி அதுவரை கிடையாது. அடுத்து 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சி.சி.டி. சில்லு. நினைவகச் சாதனம் தேடியவர்கள் செய்தது பின்னாளில் கேமராவுக்குக் கண்ணானது, தகட்டில் பதிய நாள்கணக்கான ஒளியை நொடிகளில் பதிவுசெய்தது. அப்போதும் முழுக் கருவி ஒரு மேசையை அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அதைச் சிறுக்க வைத்தது தொலைபேசித் தொழில். கண்ணாடி இழை வழியே இணையத்தை அனுப்புவதற்காக 1990-களில் பணம் கொட்டியது. நிறம் பிசகாத குட்டி லேசர்கள், ஒளியைப் பிரிக்கும் நுண்ணிய பாகங்கள், அவற்றை நெருக்கிப் பொருத்தும் கைத்திறன் எல்லாம் வளர்ந்தன. 2001 வாக்கில் அந்தச் சந்தை சரிந்தது. கைதேர்ந்த ஒளியியல் பொறியாளர்கள் வேறு வேலை தேடினார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் இரட்டைக் கோபுரத் தாக்குதலும் ஆந்த்ராக்ஸ் கடிதப் பீதியும் நடந்தன. கண்ணில் படும் வெள்ளைப் பொடி ஒவ்வொன்றையும் கண்டு ஊரே நடுங்கியது. மசாசுசெட்ஸில் அப்படித் தொலைத்தொடர்பிலிருந்து வந்தவர்கள் 2002-இல் தொடங்கிய அஹுரா நிறுவனம், தீயணைப்பு வீரர்களுக்கும் வெடிகுண்டுப் படைக்கும் கையில் பிடிக்கிற ராமன் கருவியைச் செய்து கொடுத்தது. ‘ஃபர்ஸ்ட் டிஃபெண்டர்’ என்று பெயர். அதன் உடன்பிறப்பாக மருந்துத் தொழிற்சாலைகளுக்கு வந்தது ‘ட்ரூஸ்கேன்’. 2010-இல் தெர்மோ ஃபிஷர் நிறுவனம் அஹுராவை வாங்கியது.

மருந்து ஆலைகள் இதை விரும்பியதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய விதிப்படி, ஒரு லாட்டில் நூறு பேரல் வந்தால் பொதுவாக நூறிலும் உள்ளே இருப்பது இன்னதுதானா என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்கு ஆகும் ஆளும் நேரமும் அதிகம். கருவி அதை மிச்சப்படுத்தியது.

நைஜீரியாவில் கேட்டவர்கள் வேறு. அங்கே 2008 இறுதியில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சிரப் ஒன்றைக் குடித்து 84 குழந்தைகள் இறந்தனர். புரோப்பிலீன் கிளைக்கால் என்று விற்கப்பட்டதில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. இது தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான், மலிவானது, இனிப்பானது, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது. போலி மருந்துகளோடு நெடுநாள் போராடிவந்த அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக் 2010-இல் ட்ரூஸ்கேனைத் தன் ஆய்வாளர்கள் கையில் கொடுத்தது. மருந்துக்கடை வாசலிலேயே மாத்திரையைச் சோதிக்க முடிந்தது.

கருவிக்கு மருந்தைப் பற்றி எதுவும் தெரியாது. நினைவில் ஏற்றிவைத்த நிறமாலையோடு முன்னால் இருப்பதை ஒப்பிடும், அவ்வளவே. நினைவில் இல்லாத பொருளின் முன் அது விழிக்கும். வண்ணப் பூச்சுள்ள மாத்திரைகள் சில, லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். மருந்தே இல்லாத மாத்திரை மாட்டிக்கொள்ளும், மருந்து பாதியாகக் குறைந்த மாத்திரை தப்பிவிடலாம். சிரப்பில் சேர்க்கும் கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது மருந்துத் தரநூல்களின் வரம்பு. அந்த நுண்ணளவைப் பிடிக்க ஆய்வகம்தான் வேண்டும்.

ஆனால் 2025 அக்டோபரில் தமிழ்நாட்டு மருந்து ஆய்வகம் கண்டது நுண்ணளவு இல்லை. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாராகி, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட இருமல் சிரப்பில் அந்த நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1972-இல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் உயிர்களைக் குடித்ததும் இதே பொருள்தான். மூலப்பொருள் பேரலிலேயே இவ்வளவு கலப்பு இருந்திருந்தால், அதைக் கையடக்கக் கருவி தவறவிடாது. அதுகூட வேண்டாம். ஒரு துளி எடுத்து மெல்லடுக்கு வண்ணப்பிரிகைத் தகட்டில் வைத்திருந்தாலே தெரிந்திருக்கும், அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

பல லட்சம் ரூபாய் விலையுள்ள இந்தக் கருவியை நம் நாட்டில் பெரும்பாலும் ஏற்றுமதி நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. வெளிநாட்டு ஆய்வாளர் வந்து ‘ஒவ்வொரு பேரலையும் பார்த்தீர்களா?’ என்று கேட்பார் என்ற பயம் அங்கே உண்டு. உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் சிரப் காய்ச்சும் சிறு ஆலையில் அப்படிக் கேட்பவர் அரிது. போர்க்காலத் தொழிற்சாலை கேட்கவில்லை, ராமன் விளைவு முடங்கியது. தீயணைப்புப் படை கேட்டது, அது கைக்குள் அடங்கியது. நாஃப்டாக் கேட்டது, கடைத்தெருவுக்கு வந்தது. நம் மருந்து ஆய்வாளர் சிறு ஆலையின் ஸ்டோர்ஸுக்குள் நுழைந்ததும், ஒவ்வொரு பேரலுக்கும் சோதனைச் சீட்டைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அதற்கு வேண்டிய ஆள்பலத்தையும் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டியது அரசு.